ஒரு மேல்விலங்கு

மிகுபுனைவுக்கென்றே, அதாவது ஃபேண்டஸிக் கதைகளுக்கென்றே, தனியாக ஓர் இதழ் தொடங்கலாம் என்று பதிப்பாளரிடம் பேசப் போன அன்று என் கையில் ஒரு கதைகூட இல்லை. நானே மடித்துத் தைத்த வெற்று டம்மி, அதாவது எதுவும் அச்சாகாத மாதிரி இதழ், ஒன்றுதான் இருந்தது. நான்கு பாரம், பாரத்துக்கு ஒன்றாகச் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம், ஆக 64 பக்கம். இங்கே நெடுங்கதை, இங்கே முழுப்பக்க ஓவியம், இங்கே வாசகர் கடிதம் என்று பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் குறித்திருந்தேன். அவர் பொறுமையாகக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். "ஃபேண்டஸின்னா சின்னப் பிள்ளைங்க படிக்கிறதுன்னு நினைச்சுக்குவாங்கம்மா. இல்லேன்னா பேய்க்கதைம்பாங்க. பெரியவங்க காசு கொடுத்து வாங்குவாங்களா?" என்றார்.

அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் போயிருந்தேன். 1919-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து 'ஆர்க்கிட் தோட்டம்' என்று பொருள்படும் பெயரில் ஓர் இதழ் வந்தது. மிகுபுனைவுக்கென வந்த முதல் இதழ் அதுதான் என்று பலரும் சொல்வார்கள். மூன்றாண்டு முடிவதற்குள் நின்றுபோனது. 1923 மார்ச்சில் அமெரிக்காவில் தொடங்கிய 'வியர்ட் டேல்ஸ்' ஓராண்டுக்குள் கடனில் மூழ்கி, ஆசிரியர் மாறி, எழுந்து, 1954 வரை ஓடியது. 1939 மார்ச்சில் வந்த 'அன்னோன்' 39 இதழோடு 1943-இல் முடிந்தது. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் அதன் ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் தம் கையிலிருந்த இரண்டு இதழ்களில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. அறிவியல் புனைவு இதழ் தப்பியது, இது நின்றது. இவை எதுவும் சிறுவர் இதழ் இல்லை சார், பெரியவர்களுக்காகப் பெரியவர்கள் நடத்தியவை என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "எல்லாமே நின்னுபோன கதையா இருக்கே" என்றார். பிறகு, நான்கு இதழுக்குப் பணம் ஒதுக்குவதாகச் சொன்னார். இந்தத் துறையில் இருபது வருடமாக இருப்பவர், திரும்பி வரும் பிரதிகளின் கட்டுகளைக் கண்ணால் பார்த்துப் பழகியவர். அவர் நான்கு இதழ் என்றது பெரிய மனசு.

கேம்ப்பெலைப் பற்றி அப்போது நான் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. மாயம் வரட்டும், ஆனால் அந்த மாயம் தன் விதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தவர். கதைகள் வரத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கறாரின் அருமை எனக்குப் புரிந்தது.

கதை அனுப்பலாம் என்று அறிவித்த வாரமே கட்டுக்கட்டாக வந்தன. எல்லாவற்றையும் முழுதாகப் படிப்பது என்று உறுதி எடுத்திருந்தேன், படித்தேன். அரசன், வாள், ஜோசியம் சொன்ன கிழவி, அநாதையாக வளரும் இளவரசன் என்று ஒரே தடத்தில் வந்தவை நிறைய. அவற்றைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன், பழைய தடத்திலும் நன்றாக நடப்பவர்கள் இருக்கிறார்கள். என்னை வருத்தியவை வேறு. நாயகி ஆபத்தில் மாட்டும்போதெல்லாம் அதுவரை சொல்லாத ஒரு சக்தி முளைத்து வந்து காப்பாற்றும். எட்டாம் பக்கத்தில் பறக்க முடிகிறவள் மூன்றாம் பக்கத்தில் எதற்காக அந்த மலையை நடந்தே ஏறினாள்? கதை எழுதியவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், "இது ஃபேண்டஸிதானே" என்று பதில் வரும். ஃபேண்டஸி என்பதால்தான் கேட்கிறேன். நாம் வாழும் உலகத்தில் கல் கீழே விழும் என்று யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை, வாசகருக்கே தெரியும். கற்பனை உலகத்தில் கல் எந்தப் பக்கம் விழும் என்பதை எழுதியவர் சொன்னால்தான் உண்டு. சொன்ன பிறகு அதை மீறினால் வாசகருக்குக் காலூன்ற இடமில்லை.

கதை எழுதியவர்களுக்கு இதைத் தனித்தனியாக விளக்கிக் கடிதம் போட்டேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள். சிலர் மூன்று முறை திருத்தி அனுப்பினார்கள். ஏற்றுக்கொண்ட கதைக்கு, அச்சாகும் வரை காக்க வைக்காமல் அப்போதே பணம் கொடுப்பது என்றும், முதல் வெளியீட்டு உரிமை மட்டும் வாங்குவது என்றும் முடிவு செய்திருந்தோம். புது இதழை நம்பிக் கதை கொடுப்பவருக்கு நாம் திருப்பிக் கொடுக்கக்கூடியது அவ்வளவுதான்.

பெயர் விஷயத்திலும் கொஞ்ச நாள் போனது. மாயக்கதை என்றால் சிறுவர் இதழ் போல ஒலிக்கிறது, ஃபேண்டஸி என்றே போட்டால் இன்னும் நம் சொல்லாகவில்லை என்று தோன்றுகிறது. கடைசியில் அட்டையில் 'மிகுபுனைவு இதழ்' என்றே போட்டோம். அறிவியல் புனைவையும் சேர்த்துக்கொள்ளலாமே என்ற பேச்சும் வந்தது. 1949-இல் மிகுபுனைவை மட்டும் பெயரில் வைத்துத் தொடங்கிய ஓர் அமெரிக்க இதழ் இரண்டாம் இதழிலேயே அறிவியல் புனைவையும் பெயரில் சேர்த்துக்கொண்டு நெடுங்காலம் நிலைத்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சின்ன இடம் முழுக்க இதற்கென்று இருக்கட்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அட்டைக்கு டிராகன் போடச் சொன்னார் விற்பனையைக் கவனித்தவர். உள்ளே எந்தக் கதையிலும் டிராகன் இல்லை, அதனால் போடவில்லை.

முதல் இதழில் எனக்கு மிகவும் பிடித்த கதையை எழுதியது ஒரு புதியவர், அதற்கு முன் எங்கும் அச்சில் வராதவர். அவருடைய ஊரில் பொழுது சாய்ந்ததும் எல்லாருடைய நிழலும் உடம்பை விட்டு இறங்கிவிடும். அவற்றை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போய் விடிவதற்குள் கொண்டுவந்து சேர்ப்பது ஓர் உயிர். அதற்கு அவர் வைத்த பெயர் நிழலி. அந்த உலகத்தின் விதி ஒன்றே ஒன்று: நிழலுக்கு முகம் கிடையாது, நிழலிக்கு உண்டு. அம்மாவைப் பறிகொடுத்த சிறுமி ஒருத்தி ஓர் இரவு முழுக்க மந்தையின் பின்னாலேயே போகிறாள். கதை இப்படி முடியும்: "நிழலி திரும்பிப் பார்த்தது. அம்மாவின் முகம்."

அச்சுக்கு அனுப்ப வேண்டிய கடைசி இரவு. பக்கம் கட்டுகிறவர், "அக்கா, ரெண்டு பக்கம் தொங்குது. என்ன செய்யலாம்?" என்றார். இரண்டு பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஏற்ற முடியாது. என் தலையங்கத்தை எடுத்துவிட்டேன். ஓர் ஓவியத்தைச் சுருக்கினோம். மணி இரண்டைத் தாண்டிய பிறகுதான் இந்தக் கதையின் மெய்ப்பு என் கைக்கு வந்தது. தட்டச்சுப் பிழைகள் மலிந்த கதை அது. ஏற்கெனவே சிவப்பு மையில் நிறையத் திருத்தங்கள். மெய்ப்புப் பார்த்த பெரியவர் முதல் பக்கத்தில் 'நிழலி' என்ற சொல்லின் கீழே கோடிட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். அவர் திருத்தவில்லை, கேட்டிருந்தார். பத்து நாளைக்கு முன் படித்து நானே தேர்ந்தெடுத்த கதை. ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு அது ஒரு பிழையாகத்தான் தெரிந்தது. 'லி'யின் தலைமேல் வளையும் இகரக் குறியான மேல்விலங்கை அடித்துப் புள்ளி வைத்தேன், 'நிழலி' 'நிழல்' ஆனது. அடுத்து வந்த இடத்திலும். 'நிழலியின்' என்பதை 'நிழலின்' ஆக்கினேன். வரிகளைப் படிக்காமல் அந்தச் சொல்லை மட்டும் தேடிக்கொண்டு பக்கங்களில் இறங்கினேன். பதினொரு இடம்.

இதழ் வந்த அன்று மாலை அந்தக் கதையை எழுதிய பெண் தொலைபேசியில் அழைத்தார். குரல் உயரவே இல்லை. "அக்கா, இப்ப அந்தப் பொண்ணு தன்னோட நிழலையே பாத்துட்டு நிக்கிறா" என்றார்.

எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. ஊருக்கெல்லாம் விதி பற்றிக் கடிதம் எழுதியவள், அந்தக் கதையின் ஒரே விதியை என் கையாலேயே உடைத்திருந்தேன். நிழலுக்கு முகம் வந்துவிட்டது. சாதாரணக் கதையில் ஒரு சொல் பிழையானால் வாசகரே சரியாகப் படித்துக்கொள்வார். இங்கே அந்தச் சொல் எந்த அகராதியிலும் இல்லை, அவர் எதைக்கொண்டு சரி செய்வார்? அந்தப் பெண் உருவாக்கிய சொல்லுக்கு இருந்த ஒரே காவல் நாங்கள்தான்.

கடைகளுக்குப் போக வேண்டிய கட்டுகள் போய்விட்டிருந்தன. சந்தாதாரர்களின் பிரதிகள் மட்டும் உறையிடாமல் இருந்தன. திருத்திய பக்கங்களைத் தனித்தாளாக அச்சிட்டு ஒவ்வொரு பிரதியிலும் செருகுவது, இரண்டாம் இதழில் அந்தக் கதையை முழுதாக மறுபடி வெளியிடுவது என்று பதிப்பாளரிடம் கேட்டேன். செலவைக் கணக்குப் போட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செய்ங்க" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு கதையின் கோப்பிலும் முதல் தாள் எழுதியவரே நிரப்பித் தரும் சொற்பட்டியல்: புதுச்சொற்கள், ஊர்ப்பெயர்கள், எது உயர்திணை, எது அஃறிணை, எந்த மாயத்துக்கு என்ன எல்லை. மெய்ப்புப் பார்க்கும் பெரியவர் கேள்விக்குறி போட்டால் அதற்கு நான் பதில் எழுதுவதில்லை. எழுதியவரைத்தான் கேட்கிறோம்.

தாள் செருகுகிற அன்று, கூப்பிடாமலே அந்தப் பெண் வந்தார். எங்களோடு தரையில் உட்கார்ந்து மதியம் வரை செருகினார். பிறகு திருத்தத்தாள் வைக்காத ஒரு பிரதியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, கறுப்புப் பேனா கேட்டார். தன் கதையைத் திறந்து, ஒவ்வொரு 'நிழல்' ஆக நின்று, எது நிழல் எது நிழலி என்று பார்த்து, புள்ளியை வளைத்து மேலே ஒரு மேல்விலங்கு போட்டார். 'நிழலின்' வந்த இடங்களில் இடையே 'யி' செருகினார். பதினோராவதைப் போட்டு முடித்ததும் மை காயட்டும் என்று பக்கத்தைத் திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டு, "அடுத்த இதழுக்குக் கடைசித் தேதி என்னக்கா?" என்று கேட்டார்.