சாரா யார் என்று கேட்டார்கள்

போன வாரம் கடிதம் வந்துவிட்டது. என் கணவரும் மாமியாரும் இப்போது ஆஸ்திரியக் குடிமக்கள். நாஜிகள் துரத்தியவர்களின் வாரிசுகளுக்கு 2020 செப்டம்பரிலிருந்து இந்த உரிமை உண்டு. கட்டணம் கிடையாது, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டையும் விட வேண்டியதில்லை. இணையப் படிவம் ஒரு மாலை வேலைதான். எங்களை ஒன்றரை வருடம் அலைய வைத்தவை பழைய காகிதங்கள்.

ஆஸ்திரியத் தூதரகத்துக்கு முதல் தடவை போனதே வீண். மாமியாரிடம் இருந்தது சின்னப் பிறப்புச் சான்றிதழ். அதில் பெற்றோர் பெயர் இருக்காது. முழுச் சான்றிதழ் வாங்கி, அப்போஸ்டில் முத்திரையும் (வெளிநாட்டில் ஏற்கும்படி அரசு தரும் உறுதி முத்திரை) போட்டுக்கொண்டு போங்கள். எங்களுக்கு ஒரு நாள் லீவு போனதுதான் மிச்சம்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்தது இன்னும் எரிகிறது.

கணவரின் பாட்டி வியன்னாவில், லெயோபோல்ட்ஸ்டாட்டில் பிறந்தவர். 1939இல், பத்தொன்பது வயதில், வீட்டு வேலைக்கான அனுமதியில் தனியாக இங்கிலாந்து வந்தார். அந்தப் பாஸ்போர்ட் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருந்தது. முதல் பக்கத்தில், யூதர் என்று காட்டும் பெரிய சிவப்பு ‘ஜே’ முத்திரை. கையெழுத்தில் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவே, நெருக்கி எழுதிய ‘சாரா’.

“பிறப்புச் சான்றிதழில் சாரா இல்லையே? இருவரும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழி எழுதிக் கொண்டுவாருங்கள்” என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். யூதப் பெண்கள் ‘சாரா’ என்றும் ஆண்கள் ‘இஸ்ரேல்’ என்றும் பெயரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது நாஜிச் சட்டம். அதை நாங்கள் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. விளக்கியும் அவர் இறங்கி வரவில்லை. மாமியார் வெளியே வந்ததும் சொன்னார்: “அம்மா அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அது அம்மா பெயர் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

போடவும் இல்லை. வியன்னா யூத சமூக அமைப்புக்கு எழுதி, பிறப்புப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தையே நகலெடுத்து அனுப்பச் சொன்னோம். பக்க ஓரத்தில் 1939இல் ‘சாரா’ சேர்த்த குறிப்பு. அதன் கீழே, போருக்குப் பிறகு அதை ரத்து செய்த குறிப்பு. அடுத்த தடவை வேறொரு அதிகாரி. விரலை வைத்துப் படித்தார், “இதற்கு மேல் எதுவும் வேண்டாம்” என்றார். அதனால், சான்றிதழ் மட்டும் கேட்காதீர்கள். மூலப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள்.

பாட்டி 1947இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற சான்றிதழ், திருமணச் சான்றிதழ், போலீஸ் சான்றிதழ் எல்லாம் சிக்கலில்லாமல் கிடைத்தன.

அப்புறம் ஒன்று. வியன்னா நகர ஆவணக் காப்பகத்தில் பழைய வசிப்பிடப் பதிவைத் தேடித் தருவார்கள். பாட்டியின் தாளில் ‘இங்கிலாந்து சென்றார்’ என்று இருந்தது. அதே உறையில் அவருடைய அப்பா அம்மாவின் தாளும் வந்தது. அதில் 1942, ‘மின்ஸ்க்’. நாஜிகள் வியன்னா யூதர்களை ரயிலேற்றிக் கொண்டுபோய்க் கொன்ற பகுதி அது. சமையலறையில் நின்றபடி மாமியார்தான் அதைப் பிரித்தார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கையில் கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.