செஞ்சாவில் எனக்குப் பிடித்தது இரண்டாவது கோப்பை

கிரீன் டீ கசக்கும், உடம்புக்கு நல்லது என்பதற்காகச் சகித்துக்கொண்டு குடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தது என்பதைத்தான். பெரும்பாலும் கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருப்பார்கள். ஜப்பானியர் அன்றாடம் குடிக்கும் கிரீன் டீயான செஞ்சாவுக்கு அது ஆகவே ஆகாது.

கசப்பையும் துவர்ப்பையும் தருகிற கேட்டசின்கள் தண்ணீரின் சூடு ஏற ஏற அதிகமாக இறங்கும். ஆனால் நாக்கில் லேசான இனிப்போடு தங்குகிற அந்த உமாமிச் சுவைக்குக் காரணமான தியானைன் என்ற அமினோ அமிலம் மிதமான சூட்டிலேயே இறங்கிவிடும். அதனால் 70 டிகிரி போதும். வெப்பமானி இல்லையென்றால், கொதித்த தண்ணீரைக் கோப்பையில் ஊற்றி, அங்கிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஏறத்தாழ 10 டிகிரி குறையும், கூடவே கோப்பையும் சூடாகிவிடும்.

இரண்டு பேருக்கு 5 கிராம் இலை, 150 மில்லியிலிருந்து 200 மில்லி வரை தண்ணீர், ஒரு நிமிடம். குலுக்கக் கூடாது, கலக்கவும் கூடாது. பிறகு இரண்டு கோப்பையிலும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால்தான் அடர்த்தி சமமாக வரும். கடைசிச் சொட்டு வரை வடித்துவிட வேண்டும். சுவை திரண்டு நிற்பது அந்தச் சொட்டுகளில்தான், அதோடு அடியில் தண்ணீர் தங்கினால் இலை அதிலேயே ஊறி அடுத்த கோப்பையைக் கெடுத்துவிடும்.

அந்த அடுத்த கோப்பைக்காகத்தான் நான் செஞ்சாவே போடுகிறேன். இலை ஏற்கெனவே விரிந்துவிட்டதால் இப்போது இன்னும் சூடான தண்ணீர், 80 டிகிரி போல, ஊற்றிப் பத்துப் பதினைந்து விநாடியில் வடித்துவிடலாம். முதல் கோப்பையில் உமாமி மேலோங்கி நிற்கும். இரண்டாவதில் பசும்புல் வாசனையும் அளவான துவர்ப்பும் சேர்ந்து, குடித்து முடித்த பிறகும் வாயில் ஒரு தெளிவு இருக்கும். மூன்றாவதற்கு இன்னும் சூடாக ஊற்றலாம், இனிப்பு பலகாரம் எது சாப்பிட்டாலும் அதோடு நன்றாகப் போகும்.

இந்தப் பசுமை வாசனை ஆவியிலிருந்து வருகிறது. சீனத்தில் பெரும்பாலான கிரீன் டீயை வாணலியில் வறுத்துப் பக்குவப்படுத்துவார்கள். ஜப்பானில் பறித்ததுமே ஆவியில் வேகவைத்து, பிசைந்து உருட்டி உலர்த்துகிறார்கள். 1738-ல், தேயிலைக்குப் பேர்போன உஜிக்குப் பக்கத்தில் உள்ள உஜிதவாராவில் நகத்தானி சோயென் என்ற தேயிலை விவசாயி சீர்படுத்திய முறை இது. ஆவியில் கூடுதல் நேரம் வைத்த ஃபுகாமுஷி வகையில் இலை நொறுங்கித் தூளாகிவிடும், அதற்கு நுண்ணிய வடிகட்டி வேண்டும். பக்கவாட்டில் கைப்பிடி வைத்த, தொகோனாமே ஊரின் களிமண் தேநீர்க் கெண்டியான க்யூசு இருந்தால் ஊற்றுவது சுலபம்தான், ஆனால் அதை வாங்கிய பிறகுதான் தொடங்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். சின்னக் கெட்டிலும் வடிகட்டியும் போதும்.

கையில் காசு இருந்தால் ஒரு முறையாவது க்யோகுரோ என்ற உயர்ரக ஜப்பானிய கிரீன் டீயை வாங்கிப் பாருங்கள். பறிப்பதற்கு முன் மூன்று வாரம் போலச் செடியை நிழலில் வைத்து வளர்ப்பார்கள். வெயில் பட்டால் தியானைன் கேட்டசினாக மாறத் தொடங்கும். நிழலில் அது அப்படியே தங்கும். 50 டிகிரி தண்ணீர் கொஞ்சமே கொஞ்சம், இரண்டு நிமிடம். கிட்டத்தட்ட ரசத்தின் தெளிவைக் குடிப்பது போல இருக்கும். முடிந்ததும் அந்த மெல்லிய இலையில் நாலு சொட்டு சோயா சாஸ் விட்டுச் சாப்பிடுவார்கள், நானும் சாப்பிடுவேன், அவ்வளவு ருசி. வறுத்த கிரீன் டீயான ஹோஜிசாவுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது, கொதிநீரையே ஊற்றலாம்.

அப்புறம் தண்ணீர். ஜப்பானில் பெரும்பாலும் மென்னீர். நம் ஊர் போர்வெல்லின் கடின நீரில் நல்ல செஞ்சாகூட மங்கிப்போய்ச் சப்பென்று இருக்கும், நிறமும் கலங்கும். சுத்திகரித்த தண்ணீரில் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். வெயில் காலத்தில் சூடே வேண்டாம் என்றால் ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் 10 கிராம் இலையைப் போட்டு நாலைந்து மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், கசப்பு மிகக் குறைவாகத்தான் இறங்கும். பிரித்த பொட்டலத்தைக் காற்றுப் புகாமல் மூடி ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பிரிக்காததை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், வெளியே எடுத்துக் குளிர் அடங்கிய பிறகே பிரியுங்கள், இல்லாவிட்டால் இலையில் ஈரம் ஏறி வாசனை போய்விடும்.