பெர்கின்ஸ் 4.108 திரும்பப் பூட்டுதல்: காலி பிளாக்கிலிருந்து முதல் ஸ்டார்ட் வரை

பினாங்கின் ஜெலுத்தோங் பக்கத்து மெஷின் ஷாப்பிலிருந்து பிளாக் வந்தாயிற்று. புது லைனர் (சிலிண்டரின் உள் உறை) இறக்கி ஹோன் போட்டிருக்கிறது, அதாவது கல்லால் தேய்த்து நுண்கீறல் போட்டிருக்கிறது; கிராங்க் 0.25 மி.மீ. அண்டர்சைஸுக்கு, அதாவது அவ்வளவு மெலிவாகத் தேய்த்திருக்கிறது, ஹெட்டின் முகமும் லேசாகத் தட்டையாக்கியிருக்கிறது. இனி பூட்டும் வேலை. இன்ஜின் பெர்கின்ஸ் 4.108 டீசல்: நான்கு சிலிண்டர், 79.4 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 88.9 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 1.76 லிட்டர். பினாங்குக்கும் லங்காவிக்கும் நடுவில் ஓடும் பழைய பாய்மரப் படகுகளில் இன்றும் பார்க்கக் கூடிய இன்ஜின்தான்.

எந்த இடத்தில் எவ்வளவு நேரம் செலவழிப்பது என்பதற்கு ஒரே கணக்கு: படகுக்குள் இறக்கிய பிறகு அங்கே கை எட்டுமா எட்டாதா? உப்புத் தண்ணி பம்பில் ஒழுகினால் அரை மணி நேர வேலை. ஃபிளைவீலுக்குப் பின்னால் ஒழுகினால் கியர்பாக்ஸைக் கழற்றி இன்ஜினையே தூக்க வேண்டும். அதனால் பின்பக்கத்துக்கும் அடிவயிற்றுக்கும் நேரத்தைக் கொட்டியிருக்கிறோம். முன்பக்கம் வேகமாக ஓடிவிட்டது.

முதலில் கழுவல். மெஷின் ஷாப்பில் கழுவித்தான் கொடுப்பார்கள்; அந்தக் கழுவலை நம்புவதில்லை. ஆயில் கேலரியின் (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் வழி) பிளக்குகளைக் கழற்றி, நீளப் பிரஷ் விட்டுத் தேய்த்து, காற்று அடிக்க வேண்டும். ஹோன் போட்ட லைனரை மண்ணெண்ணெயால் துடைத்தால் போதாது. தேய்ப்புக் கல்லின் பொடி கீறல்களுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும்தான் அதைக் கிளப்பும். பிறகு வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடைத்துப் பார்க்கணும். துணியில் சாம்பல் நிறம் ஒட்டிக்கொண்டே இருந்தால் கழுவல் இன்னும் முடியவில்லை. பினாங்கின் பத்து மாவுங் (Batu Maung) மாதிரி கடலை ஒட்டிய இடத்தில் ஈரக் காற்று சும்மா விடாது. காய்ந்த லைனரில் கண் முன்னாலேயே செம்பழுப்பு ஏறும். கழுவிய கையோடு காற்றடித்து, ஆயில் பூசி, பிளாஸ்டிக் பை போட்டு மூடிவிட்டோம்.

கிராங்குக்கு மெயின் பேரிங் மூன்று. ஷெல்லின் (பேரிங்கின் அரைவட்டத் தகடு) முதுகும் அது உட்காரும் இடமும் துளி ஆயில்கூட இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். கிராங்க் தொடும் உள்பக்கத்துக்கு மட்டும்தான் ஆயில். மேல் ஷெல்லின் ஓட்டை பிளாக்கின் ஆயில் ஓட்டைக்கு நேராக வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்காமல் பூட்டினால் அந்த பேரிங்குக்கு ஆயில் வராது, ஓட ஆரம்பித்ததும் பிடித்துவிடும். இடைவெளி அளக்க பிளாஸ்டிகேஜ் நூல்: ஜர்னல் (பேரிங்குக்குள் சுற்றும் கிராங்கின் பகுதி) மேல் குறுக்கே வைத்து, கேப்பை 115 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, கழற்றி, நசுங்கிய அகலத்தை அட்டையோடு ஒப்பிடுவது. அந்த நேரத்தில் கிராங்கைச் சுற்றினால் நூல் தேய்ந்து அளவு பொய்யாகிவிடும். வரம்பு 0.05 முதல் 0.09 மி.மீ. வரை, மூன்றும் அதற்குள் நின்றன. இன்னொன்று: வெயிலில் கிடந்த கிராங்கையும் நிழலில் இருந்த மைக்ரோமீட்டரையும் சேர்த்து அளக்கக் கூடாது. எல்லாவற்றையும் இரவு ஒரே இடத்தில் வைத்துக் காலையில் அளந்தால் எண் நம்பும்படி வரும்.

கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர் பின் மெயின் பேரிங்கின் இரண்டு பக்கமும் வரும். பள்ளம் வெட்டிய முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும், பேரிங்கைப் பார்க்கக் கூடாது. டயல் கேஜ் வைத்து ஸ்குரூ டிரைவரால் முன்னும் பின்னும் நெம்பி கிராங்கின் ஆட்டத்தைப் பாருங்கள்: 0.05 முதல் 0.38 மி.மீ. வரை இருக்கலாம். இந்த நிலையில் கிராங்க் ஒரு கையால் வழவழவென்று சுற்ற வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் கேப்பு இடம் மாறிப் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது பின் சீல். 4.108 வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் புலம்புவார்கள். ரப்பர் லிப் சீல் கிடையாது. இரண்டு பாதியாகப் பிளந்த ஹவுசிங்குக்குள் கயிறு சீல். புதுக் கயிறு பள்ளத்தைவிட நீளமாகத் தெரியும். அதைப் பார்த்ததும் நறுக்கத் தோன்றும். நறுக்கினால் அன்றோடு அந்த சீல் செத்தது. முறை இப்படி: ஒரு பாதியை வைஸில் நிறுத்தி, கயிற்றின் இரண்டு முனையிலிருந்தும் சுமார் 25 மி.மீ. அளவைப் பள்ளத்தில் முதலில் அமுக்கணும். முனைகள் ஹவுசிங்கின் வெட்டு முகத்தைத் தாண்டி 0.25 முதல் 0.5 மி.மீ. வரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்புறம்தான் நடுப்பாகம். நடுவில் புடைத்து நிற்கும் மிச்சத்தை மையத்திலிருந்து இரண்டு பக்கமும் விரலால் தள்ளித் தள்ளி உள்ளே இறக்கி, உருட்டுக் கம்பியால் அழுத்தி உருட்டிப் படிய வைக்கணும். நீட்டிய முனைகள் இரண்டு பாதியும் சேரும்போது ஒன்றையொன்று இடித்து அடைத்துக்கொள்ளும். நறுக்கியிருந்தால் அந்த இடத்தில் சந்து விழும், அது வழியாக ஆயில் இறங்கும். உள்முகத்தில் கிராஃபைட் கிரீஸ் தடவி, இரண்டு பாதியையும் கிராங்கைச் சுற்றிப் பூட்டி, போல்ட்டுகளை முழுதாக முறுக்கும் முன் கிராங்கைப் பல தடவை சுற்றிக் கயிற்றைப் படிய விட்டோம். சுற்ற இப்போது கொஞ்சம் கனமாக இருக்கும்; அது சரிதான்.

கிராங்கின் அந்தப் பரப்பில் ஆழமில்லாத சுருள் கீறல் ஒன்று இருக்கும். ஆயிலை உள்ளேயே திருப்பி அனுப்புவது அதன் வேலை. துரு என்று நினைத்து எமரி பேப்பர் போட்டு வழித்துவிடாதீர்கள். இத்தனையும் செய்து, கிராங்க்கேஸ் பிரீதர் (உள்ளே சேரும் வாயுவை வெளியே விடும் குழாய்) அடைத்திருந்தால் எல்லாம் வீண். உள் அழுத்தம் ஏறி எந்த சீலையும் தாண்டி ஆயில் வெளியே வரும். பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தபோது கரியும் பசையும்தான் வந்தது, அதனால் குழாயையே மாற்றியாயிற்று.

பிஸ்டன் வேலை பழகியதுதான். ஒவ்வொரு ரிங்கையும் அதன் லைனரிலேயே விட்டு, பிஸ்டனின் தலையால் தள்ளி நேராக நிறுத்தி, பீலர் கேஜால் வாய் இடைவெளியைப் பார்க்கணும். இந்த போருக்கு 0.23 மி.மீ.க்குக் கீழே இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும். ஃபைல் போடுவதாக இருந்தால் ஒரு முனையில் மட்டும், வெளியிலிருந்து உள்பக்கமாக. எழுத்துப் பொறித்த முகம் மேலே. வாய்களை ஒரே வரிசையில் விடாமல் சுற்றிலும் பிரித்து வைத்து, ரிங் கம்ப்ரெசரால் கட்டி, சுத்தியலின் மரக்கைப்பிடியால் தட்டி இறக்கினோம். வழியில் சட்டென்று நின்றால் ஒரு ரிங் வெளியே வந்துவிட்டது. அதற்கு மேல் அடித்தால் உடையும். ராடும் கேப்பும் ஒரே எண், எண் இரண்டும் ஒரே பக்கம். போல்ட் புதிது, 57 நியூட்டன் மீட்டர். ஒவ்வொரு ராடு முறுக்கியதும் கிராங்கைச் சுற்றிப் பார்ப்பது நல்லது. நான்கையும் பூட்டிவிட்டு இறுக்கம் எங்கே என்று தேடினால் நான்கையும் கழற்ற வேண்டிவரும்.

டைமிங் கியரில் குழப்பம் ஒன்றுதான். கிராங்க், ஐட்லர், கேம், டீசல் பம்ப் என்று எல்லா கியரிலும் புள்ளி இருக்கிறது. பூட்டும்போது நேராக வைத்த புள்ளிகள் இரண்டு சுற்று சுற்றியதும் நேருக்கு நேர் வராது. ஐட்லரின் பல் எண்ணிக்கையால் அவை மறுபடி கூட நிறைய சுற்றுகள் ஆகும். தப்பாகிவிட்டதோ என்று பயந்து கழற்ற வேண்டியதில்லை. பூட்டியதும் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் போதும்.

ஹெட் இறக்கும் முன் ஸ்டட் ஓட்டைகளில் தேங்கிய ஆயிலை உறிஞ்சி எடுக்கணும். கேஸ்கெட்டில் எது மேல், எது முன் என்று பொறித்திருக்கும். நட்டுகளை நடுவிலிருந்து வெளியே, 30, 60, பிறகு 81 நியூட்டன் மீட்டர் என்று மூன்று படியாக முறுக்கினோம். டேப்பட் (வால்வு) இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.30 மி.மீ. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2. ஆகவே 1ஆம் சிலிண்டரின் வால்வுகளில் ஒன்று மூடி மற்றது திறக்கும் தருவாயில் 4இன் இடைவெளியை வைக்கணும், 4இல் 1ஐ. அதே மாதிரி 2க்கு 3, 3க்கு 2.

இன்ஜெக்டருக்கு அடியில் செம்பு வாஷர் ஒன்று, ஒன்றே ஒன்று. பழைய வாஷர் கரியோடு ஓட்டையின் அடியில் ஒட்டிக்கொண்டு, பார்க்கக் கரி மாதிரியே இருக்கும். அதன் மேல் புதுசைப் போட்டால் நாசில் உயர்ந்து நிற்கும், புகையும் கசிவும் வரும். கம்பியைக் கொக்கியாக வளைத்து ஓட்டையின் விளிம்பைச் சுரண்டிப் பாருங்கள். செம்பு பளிச்சென்று தெரிந்தால் வாஷர் இன்னும் உள்ளே இருக்கிறது. இரண்டு நட்டையும் மாறி மாறி, 16 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாமல். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் நாசில் சாய்ந்து உட்காரும்.

ஃபிளைவீல் 81 நியூட்டன் மீட்டர். ஃபிளைவீலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வரும் டேம்பர் பிளேட்டின் ஸ்பிரிங்குகளை விரலால் அசைத்துப் பார்த்து, லூஸாக இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், பிறகு அதை எட்ட முடியாது. கியர்பாக்ஸைப் பூட்டும்போது போல்ட்டால் இழுத்துச் சேர்க்கக் கூடாது; ஷாஃப்ட் தானாக உள்ளே வழுக்க வேண்டும். வராவிட்டால் பற்கள் இன்னும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

படகில் இறக்கியதும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கப்ளிங் அலைன்மென்ட், அதாவது ஷாஃப்டும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தை நேராக்குவது. ஸ்லிப்வேயில் (படகைக் கரையேற்றும் சரிவு) ஏறி நிற்கும் படகில் இதை முடித்துவிட்டேன் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். கட்டைகள் மேல் நிற்கும் உடம்பு ஒரு வடிவம், தண்ணியில் மிதக்கும் உடம்பு இன்னொரு வடிவம். மேலே தோராயமாக வைத்து, இறக்கி ஓர் இரவு மிதக்க விட்டபின் மீண்டும் அளப்பதே சரி. இரண்டு ஃபிளாஞ்சுக்கும் நடுவில் மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடத்தில் பீலர் கேஜ் விட்டால், 100 மி.மீ. ஃபிளாஞ்சில் வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் வர வேண்டும். மேலேயும் கீழேயும் வித்தியாசம் என்றால் முன் மவுண்ட்டுகளின் உயரம், இடம் வலம் என்றால் பக்கவாட்டு நகர்த்தல்.

டீசல் விஷயம் இங்கே தனி. மலேசிய பம்புகளில் பெரும்பாலும் கிடைப்பது பாமாயில் எஸ்டர் பத்து சதவீதம் கலந்த பி10. பழைய டேங்கின் அடியில் படிந்த பசையைக் கிளப்பி பில்டருக்கு அனுப்பும் குணமும், ஈரத்தை இழுக்கும் குணமும் அதற்கு உண்டு. பழைய ரப்பர் ஹோஸும் அதில் ஊறி உப்பும். டேங்கைத் திறந்து துடைத்தோம், ஹோஸ் எல்லாம் புதிது, தண்ணி பிரிக்கும் பில்டரைக் கண்ணாடிக் கிண்ணம் உள்ளதாகப் போட்டோம். காற்று எடுக்கும் வரிசை: முதலில் பில்டர் தலை, பிறகு சிஏவி டீசல் பம்பின் உடம்பில் உள்ள ஸ்குரூ, பிறகு அதன் கவர்னர் (வேகக் கட்டுப்பாடு) மூடியில் உள்ளது, கடைசியாகத் திராட்டிலைப் பாதி திறந்து இன்ஜெக்டர் குழாய் நட்டுகள்.

ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் பில்டரை நிரப்பிவிட்டு, இன்ஜின் எரியாதிருக்க ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்து, அழுத்த மீட்டர் அசையும் வரை ஸ்டார்ட்டரைச் சின்னச் சின்ன இடைவெளியில் சுற்றினோம். இதைச் செய்யும்போது கடல் தண்ணி வால்வு மூடியிருக்கட்டும். இன்ஜின் எரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பம்ப் தள்ளும் தண்ணி மஃப்ளரில் நிரம்பி, எக்ஸாஸ்ட் வால்வு வழியாகப் புது சிலிண்டருக்குள் ஏறிவிடும். எரிந்த உடனே வால்வைத் திறக்க வேண்டும். இதற்கென்று ஒரு ஆள் வால்வின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டாவது இழுப்பில் எரிந்தது. வெள்ளைப் புகை கொஞ்ச நேரம், பிறகு நின்றது. சூடேறிய பின், வேகம் ஏற்றிப் பார்க்கையில் ஆயில் அழுத்தம் 30க்கும் 60 பவுண்டுக்கும் நடுவில் நின்றது. பின் சீலுக்கு அடியில் வைத்த வெள்ளை அட்டையில் கறை இல்லை. தண்ணி பம்பின் மூடி மட்டும் லேசாகக் கசிந்தது. பேப்பர் கேஸ்கெட் மாற்றியதும் நின்றுவிட்டது.

சூடான பின் ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கி, ஆறவிட்டு, டேப்பட்டைத் திரும்ப வைத்தாயிற்று. இனி ஓட்டிப் பழக்குவதுதான். கட்டிவைத்த இடத்திலேயே மணிக்கணக்கில் ஐட்லில் விட்டால் லைனர் பளபளத்துப் போய் ரிங் படியாது, ஆயில் குடிக்கும். சூடேறியதும் லோடு கொடுத்து, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டணும். முதல் 25 மணி நேரத்தில் ஆயிலும் பில்டரும் மாறும். அன்றைக்கே கப்ளிங்கையும் மவுண்ட் நட்டுகளையும் இன்னொரு தடவை அளந்துவிடுவோம். பினாங்கு ஜலசந்தியின் சேற்றுத் தண்ணி இம்பெல்லரை அரிக்கும் வேகத்துக்கு, அதையும் திறந்து இறக்கைகளை வளைத்துப் பார்ப்பது நல்லது.