4 மா 25 குழியை மூன்றாகப் பிரித்த கதை

மன்னார்குடி பக்கம் தாத்தா விட்டுப்போன நன்செய் ஒரே துண்டு. அப்பா, சித்தப்பா, அத்தை மூவருக்கும் அதைச் சமமாகப் பிரித்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் போட வேண்டும். கணக்கு பார்க்கும் வேலையை அப்பா என்னிடம் கொடுத்தார்.

தாத்தா வாங்கிய பத்திரத்தில் பழைய நில அளவில் "4 மா 25 குழி" என்றிருந்தது. பழைய பட்டாவில் 1 ஏக்கர் 40 சென்ட். இணையத்தில் எடுத்த பட்டாவில் 'ஹெக் - ஏர்' என்ற தலைப்பின் கீழ் 0 - 56.50. ஒரே வயலுக்கு மூன்று கணக்கு. சென்னையில் இருக்கும் சித்தப்பா பட்டாவைப் பார்த்ததுமே போன் செய்தார்: "ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மின்னு அப்பா சொல்வாரு. இதுல வெறும் 56 சென்ட்தான் இருக்கு. மீதி யார் பேர்லடா போச்சு?"

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. பக்கத்து வயல்காரர் வருஷா வருஷம் வரப்பைச் சீவுகிறார் என்ற பேச்சு எங்கள் வீட்டில் ரொம்ப நாளாகவே உண்டு. ஆனால் அந்த 56.50 சென்ட் இல்லை, ஏர். 100 ஏர் ஒரு ஹெக்டேர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 2.47 சென்ட். பட்டாவை முதல்முறை பார்ப்பவர்களில் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். பாதி நிலம் காணாமல் போனதாக நினைத்து வழக்கு வரை போகாமல், முதலில் அந்தத் தலைப்பைப் படியுங்கள்.

அப்புறம் எல்லாவற்றையும் சதுர அடிக்குக் கொண்டுவந்தேன். எங்கள் பக்கம் குழி என்றால் 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. 4 மா 25 குழி என்பது 425 குழி. 144ஆல் பெருக்கினால் 61,200 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் பழைய பட்டாவின் 140 சென்ட் 60,984 சதுர அடி. புதுப் பட்டாவின் 56.50 ஏர், அதாவது 5,650 சதுர மீட்டரை 10.764ஆல் (ஒரு சதுர மீட்டருக்கு அத்தனை சதுர அடி) பெருக்கினால் சுமார் 60,816. பத்திரத்துக்கும் புதுப் பட்டாவுக்கும் வித்தியாசம் 384 சதுர அடி, ஒரு சென்ட்கூட இல்லை. இதை எழுதி அனுப்பிய பிறகுதான் சித்தப்பா அமைதியானார். வரப்புக்காரர் பேரில் இருந்த சந்தேகமும் அத்தோடு போயிற்று.

அந்தச் சின்ன வித்தியாசத்துக்கும் காரணம் தேட முடியும். என் கையில் இருந்த பட்டாக்களில் பரப்பு எல்லாமே முழு ஏரிலோ அரை ஏரிலோதான் முடிந்தது. அப்படி முழுமையாக்கும்போது கால் ஏர், அதாவது 269 சதுர அடி வரை கூடலாம், குறையலாம். கோல் வைத்தும் சங்கிலி வைத்தும் அளந்த காலத்துக் கணக்கு, சதுர அடி சுத்தமாகப் பொருந்த வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை.

ஊரில் பெரியவர்கள் வாய்க்கணக்காக "மூணு குழி ஒரு சென்ட், மூணு மா ஒரு ஏக்கர்" என்பார்கள். வயலில் நின்று பேச அது போதும். பத்திரத்துக்குப் போதாது. உண்மையில் ஒரு சென்ட் 3.025 குழி. எங்கள் 425 குழியை மூன்றால் வகுத்தால் 141.67 சென்ட் வருகிறது. சரியான கணக்கு 140.5. இன்னொன்று, குழி எல்லா ஊரிலும் ஒன்று என்று நம்பிவிடாதீர்கள். கோலின் நீளம் மாறினால் குழியும் மாறும். சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே 100 குழி மாவும் உண்டு, 256 குழி மாவும் உண்டு. 144 சதுர அடிக் குழி என்றால் 13.378 சதுர மீட்டர். அதனால் பட்டாவின் சதுர மீட்டரை 13.378ஆல் வகுத்துத் திருப்பிப் பார்த்தேன். 422 குழி வந்தது. தாத்தா பத்திரத்தில் இருப்பது 144 சதுர அடிக் குழிதான் என்று அதிலேயே உறுதியானது.

பிரிக்கும்போதுதான் உண்மையான சிக்கல் வந்தது. பத்திரம் எழுதுபவர் கொண்டுவந்த வரைவில் 19 ஏர், 19 ஏர், 18.50 ஏர் என்று இருந்தது. கூட்டினால் சரியாக 56.50. பட்டாவில் பார்க்க அழகாக இருக்கும் என்றார். அந்தக் குறைந்த 18.50 அத்தைக்கு. மூன்றில் ஒரு பங்கு 18.83 ஏர். அத்தைக்கு 33 சதுர மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரைக் குழி குறைகிறது.

"அரை ஏர்தானே தம்பி, அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் அவர். ஒன்றும் சொல்ல மாட்டார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பெண் பிள்ளையின் பங்கில் குறைப்பது நம் குடும்பங்களில் பெரிய சண்டையாக வருவதில்லை. இப்படி முழுமையாக்குகிறேன் என்ற பெயரில் சத்தமில்லாமல் வருகிறது. ஏர், சென்ட் எதையும் நடுவில் முழுமையாக்காமல், சதுர மீட்டரிலேயே வகுக்கச் சொன்னேன். 1,883, 1,883, 1,884. மிச்சமான அந்த ஒரு சதுர மீட்டர் அத்தை பங்கில் சேரட்டும் என்று அப்பாவே சொன்னார், சித்தப்பாவும் மறுக்கவில்லை.

பத்திரத்தின் சொத்து விவரத்தில் ஒவ்வொரு பங்கையும் சதுர மீட்டரில் எழுதி, பக்கத்திலேயே சென்ட்டும் சதுர அடியும் போட வைத்தோம். அப்பா பங்கு 1,883 சதுர மீட்டர், 46.53 சென்ட், 20,268 சதுர அடி என்கிற மாதிரி. நான்கெல்லையோடு ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் மீட்டரில். சித்தப்பா கிரவுண்டும் சேர்க்கலாமே என்றார். 2,400 சதுர அடிக் கிரவுண்ட் சென்னை மனைக்குச் சரி, நாற்று நடுகிற வயலுக்கு எதற்கு என்று விட்டுவிட்டோம்.

பதிவு முடிந்து உட்பிரிவுக்கு மனு கொடுத்தோம். சர்வேயர் வந்து பத்திரத்தில் இருந்த மீட்டர் அளவை வைத்தே நாடா பிடித்து, கல் ஊன்றும் இடங்களைக் காட்டினார். அத்தை மகன் மறுமுனை பிடித்தான். மூன்று பேருக்கும் தனித்தனிப் பட்டா வந்துவிட்டது.