சிவப்பணுவுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது

ஆன்டிஆக்ஸிடன்ட்னு சொன்னாலே கிரீன் டீ, மாதுளை ஜூஸ்னு போயிடறோம், ஆனா நம்ம ரத்த சிவப்பணுக்குள்ளயே எஸ்ஓடி (சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ்), கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்ஸிடேஸ்னு சொந்தமா என்சைம் இருக்கு, அதப் பத்தி யாரும் பேசறதில்ல. (எஸ்ஓடி கேப்ஸ்யூலாவே விக்கறாங்க. அது புரோட்டீன்ங்க, சும்மா முழுங்கினா பருப்பு மாதிரி செரிச்சுதான் போகும்.)

ஹீமோகுளோபின்ல தினமும் சுமார் 3 சதவீதம் தானாவே ஆக்ஸிடைஸ் ஆகும், அப்போ வர்ற சூப்பராக்ஸைடுங்கற, செல்லக் கெடுக்கற ஆக்ஸிடன்ட்ட எஸ்ஓடி பிடிச்சு ஹைட்ரஜன் பெராக்ஸைடா மாத்தும், மத்த ரெண்டும் அத தண்ணியாக்கிடும். புண்ணுல பெராக்ஸைடு ஊத்தினா நுரை பொங்குதே, அது கேட்டலேஸ் வேலைதான். 1946ல ஜப்பான்ல தகஹாரான்னு ஒரு ஈஎன்டி டாக்டர் ஒரு சின்னப் பொண்ணோட வாய்ப்புண்ணுல ஊத்தினப்போ நுரையே வரல, ரத்தம் அப்படியே கறுத்துப் போச்சு. கடைசில பார்த்தா அவ ரத்தத்துல கேட்டலேஸே இல்ல!

இதுல சிக்கல் என்னன்னா சிவப்பணுவுக்கு நியூக்ளியஸ் இல்ல, ஒரு என்சைம் கெட்டா புதுசா செஞ்சுக்க முடியாது, எலும்பு மஜ்ஜைலருந்து கொண்டு வந்தத வச்சேதான் 120 நாள் ஓட்டணும். சுகர் ஜாஸ்தியா இருந்தா குளுக்கோஸ் ஹீமோகுளோபின்ல ஒட்டிக்கும், அதத்தான் மூணு மாச சுகர்னு டெஸ்ட் எடுக்கறோம், அதே குளுக்கோஸ் எஸ்ஓடிலயும் ஒட்டி அதோட வேகத்தக் குறைக்கும். சிகரெட் புகை வேற தன் பங்குக்கு ஆக்ஸிடன்ட்ட உள்ள தள்ளும். இன்னிக்கு நிறுத்தினாலும் பழைய செல் முழுசா மாற நாலு மாசம் ஆகும், ஒரு வாரத்துல ரத்தம் சுத்தமாயிடும்னு சொல்றதெல்லாம் சும்மா.

பரம்பரையா வர்ற ஜி6பிடிங்கற என்சைம் குறைபாடு இன்னொரு கதை. பெராக்ஸைட சமாளிக்கத் தேவையான என்ஏடிபிஹெச்ங்கற துணைப் பொருள் இவங்களுக்குப் பத்தாது, சாதாரணமா ஒண்ணும் தெரியாது, ஆனா மலேரியாவுக்கு பிரைமாகுயின் சாப்பிட்டாலோ, பாச்சை உருண்டை போட்டு வச்ச துணிய பச்சக் குழந்தைக்குப் போட்டாலோ செல்லுங்க பொலபொலன்னு உடைஞ்சு மஞ்சக்காமாலை, கறுத்த சிறுநீர்னு ஆயிடும். ஆம்பளப் பசங்களுக்குத்தான் இது ஜாஸ்தி. செல் உடைஞ்ச உடனே ஜி6பிடி டெஸ்ட் எடுத்தா சில சமயம் நார்மல்னே வரும், ஏன்னா என்சைம் தீர்ந்த வயசான செல்லெல்லாம் போயி புதுசுங்க மட்டும்தான் மிச்சம் இருக்கும், அதனால ரெண்டு மூணு மாசம் கழிச்சு திரும்ப எடுத்துப் பாருங்க.