ஒரு நாளைக்கு ஒரு இடம் காணும்

நல்லூர்த் திருவிழாக் காலம் வந்துட்டால் எங்கட யாழ்ப்பாணப் பக்கம் எல்லா வீட்டிலயும் வான் பிடிக்கிற கதைதான். கனடா, லண்டன் எண்டு சொந்தக்காரர் வந்து இறங்குவினம், இறங்கின கையோட பிளான் ரெடி, காலமை கோட்டை, பிறகு லைப்ரரி, நிலாவரை, கீரிமலை, அப்பிடியே கசூரினா பீச், இரவு நல்லூரடியில ஐஸ்கிறீம். கடைசியில பிள்ளையளிட்டை என்ன பாத்தனீங்கள் எண்டு கேட்டால் ஐஸ்கிறீம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும், அதுகளிலயும் பிழை இல்லை, பாதி நேரம் வானுக்குள்ள நித்திரை.

நாங்கள் இப்ப ஒரு நாளைக்கு ஒரு இடம், மிஞ்சினால் ரெண்டு. போக முதலே பிள்ளையளுக்கு ஒரு கேள்வியைக் குடுத்துவிடுறது, அங்க போய் அதுகளே தேடட்டும்.

கோட்டைக்கு எண்டால் "சுவர் என்னத்தால கட்டினது"தான் கேள்வி. போத்துக்கேயர் கட்டினதை 1658இல ஒல்லாந்தர் பிடிச்சு, பிறகு ஐஞ்சு மூலையாப் பெருப்பிச்ச கதையெல்லாம் நாங்கள் சொன்னால் ஒரு காதால போய் மற்றக் காதால வந்திடும், ஆனால் சுவருக்குக் கிட்டப் போய் முருகைக்கல்லில, அதுதான் பவளப்பாறைக் கல்லில, இருக்கிற பூ மாதிரி அடையாளத்தைக் கண்டுட்டால், கடலுக்குள்ள இருந்தது இங்க எப்பிடி வந்தது எண்டு அதுகளே கேக்கத் தொடங்கும். நாலு மணிக்குப் பிறகு போங்கோ, உள்ளுக்கை நிழல் குறைவு.

எனக்குப் பிடிச்சது எண்டால் நிலாவரைதான். பாக்க ஒரு சதுரக் கிணறு, ரெண்டு நிமிசத்தில பாத்து முடிஞ்சுது எண்டு வானில ஏறுற ஆக்கள்தான் கூட. ஆனால் மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்புத்தண்ணி, இது ஏன் எண்டு யோசிக்க வைச்சால் யாழ்ப்பாணத்தின்ரை பாதிக் கதை அதுக்குள்ள இருக்கு. எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, வழுக்கியாறும் மாரியில மட்டும்தான், நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக்கல், மழைத்தண்ணி அதுக்குள்ளால இறங்கிக் கல்லைக் கரைச்சுப் பொந்தாக்கிப்போட்டு, கீழ இருக்கிற கடல் தண்ணிக்கு மேல பாரம் குறைஞ்சபடியால் மிதந்துகொண்டு நிக்குது. அளவுக்கு மிஞ்சி இறைச்சால் உப்பு மேல ஏறும், வீட்டுக் கிணறு ஏன் சவராப் போகுது எண்டதுக்கும் இதுவும் ஒரு காரணம்.

முதல் நாள் இரவே வீட்டில செய்து காட்டலாம், ஒரு கிளாசில பாதிக்கு நல்லா உப்புக் கரைச்ச தண்ணி, அதுக்கு மேல கலர் போட்ட நல்ல தண்ணியைக் கரண்டியின்ரை முதுகில மெதுவா ஊத்தினால் தனியா நிக்கும். அவசரப்பட்டு ஊத்தினால் கலந்திடும், சின்னவனிட்டைக் கரண்டியைக் குடுக்காதேங்கோ.

நிலாவரையில போட்ட தேசிக்காய் கீரிமலையில மிதந்தது எண்டு அம்மம்மாமார் சொல்லுற கதையையும் கட்டாயம் சொல்லுங்கோ, உண்மையா பொய்யா எண்டு வழி முழுக்கச் சண்டை பிடிச்சுக்கொண்டு வருவினம். ஆனால் கிணத்துக்குள்ள ஒண்டும் எறிய விடாதேங்கோ, பிள்ளையளின்ரை கையையும் பிடிச்சபடியே நில்லுங்கோ. அண்டைக்கே கீரிமலைக் கேணிக்குப் போனால் பொருத்தமா இருக்கும், கடலுக்குப் பக்கத்தில நல்ல தண்ணி ஊறுறதை இறங்கிக் குளிச்சே பாக்கலாம். ஆண், பெண் கேணி தனித்தனி, அதால பெரிய ஆக்கள் ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நிக்கிற மாதிரிப் போங்கோ. ஆடி அமாவாசையில வேண்டாம், சனம் நெரியும்.

சாப்பாட்டுக்குக் கடையைத் தேடி அலையாமல் கட்டுச்சோறு, தண்ணிப் போத்தில், மாத்து உடுப்பு, குப்பை போட ஒரு பை.

நெடுந்தீவு மட்டும் வேற கணக்கு. காட்டுக் குதிரையள், பெருக்கு (பாவோபாப்) மரம், முருகைக்கல் வேலி எண்டு பிள்ளையள் விட்டுட்டு வராதுகள், ஆனால் குறிகாட்டுவான் துறையில இருந்து போட்டில கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம், மாரிக் காத்தில கடல் நல்லா ஆட்டும். கைக்குழந்தையோட நான் போகமாட்டன். போறவை திரும்பிவாற கடைசிப் போட் எத்தனை மணிக்கு எண்டு இறங்கின உடன துறையிலயே கேட்டு வைச்சிடுங்கோ, சத்தி எடுக்கிற பிள்ளையளுக்குக் காலமை வயித்தை நிரப்பாமல் ரெண்டு பிஸ்கட் காணும்.