வீ-கிராஸ் பின் ஸ்பிரிங்: நாலாவது தடவை கழற்றித்தான் சத்தம் அடங்கியது

நேற்று ஆத்தங்குடியிலிருந்து 200 தரைக்கல் ஏற்றிக்கொண்டு காரைக்குடி வந்து சேர்ந்தேன். கண்மாய்க் கரைப் பள்ளங்களில் இறங்கி ஏறியும் பின்னால் ஒரு ‘கீச்’ இல்லை. மூன்று மாதமாக இதற்குத்தான் ஏங்கினேன்.

வண்டி இசுஸு வீ-கிராஸ் பிக்கப், 2.5 லிட்டர் பி.எஸ்.4 டீசல். பின் ஸ்பிரிங் பட்டைகள் தொய்ந்து, இடப்பக்கம் 22 மி.மீ. தாழ்ந்திருந்தது. புது செட், புது ஷாக், பட்டைகளை ஆக்ஸிலோடு கட்டும் நாலு யூ போல்ட் போட்டேன். பழைய யூ போல்டையே திரும்பப் போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒருதரம் முறுக்கியது நீண்டிருக்கும். பட்டைகளைக் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்டின் தலை ஆக்ஸில் குழியில் உட்கார்ந்ததை விரல் விட்டுத் தடவிப் பார்த்தேன்.

மூன்றாம் நாளே சத்தம். பட்டைகளுக்கு நடுவே கிரீஸ் வைத்தேன், போகவில்லை. அவற்றுக்கு இடையில் இருக்கும் நைலான் துண்டுகளை மாற்றினேன், போகவில்லை. மூன்றாவது தடவை கழற்றியபோது பட்டையின் முன்முனை வளையத்தில் (அதைத்தான் கண் என்போம்) இருந்த புஷ் ரப்பர் கிழிந்திருந்தது. புது புஷ் அடித்தேன். இரண்டு வாரத்தில் அதுவும் கிழிந்தது.

லாரி வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் குனிந்து பார்த்ததும் கேட்டார்: “தம்பி, சக்கரம் தொங்கையிலயா முறுக்குனீக?”

ஆமாம். ஸ்டாண்டில் வைத்துக்கொண்டே கண் போல்டை முழு இறுக்கம் கொடுத்திருந்தேன். இந்த புஷ்ஷில் ரப்பர் உள் குழலோடும் வெளிக் குழலோடும் ஒட்டியே இருக்கும். போல்ட் இறுகினால் உள் குழல் சேஸிஸோடு பிடித்துக்கொள்ளும். பட்டை அசைகிற அசைவு முழுதும் ரப்பரின் முறுக்கில்தான் நடக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நின்றதுமே ரப்பர் முறுகி நிற்கும். அதன்மேல் பாரம் ஏறினால் கிழியாமல் என்ன செய்யும்?

இந்தத் தடவை எல்லா நட்டையும் கைமுறுக்கோடு விட்டு வண்டியை இறக்கினேன். 100 கல் ஏற்றி, பின்பக்கத்தை நாலு தரம் அமுக்கி, பத்தடி முன்னும் பின்னும் உருட்டினேன். பிறகுதான் படுத்துக்கொண்டு கண் போல்ட், பட்டையின் பின்முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிள் போல்ட், கடைசியாக யூ போல்டுகளைக் குறுக்கே மாற்றி மாற்றி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். 500 கி.மீ. ஓடியதும் யூ போல்டை மறுபடி பார்ப்பேன்.

கல்லைப் பற்றியும் ஒன்று: படுக்கவைத்து அடுக்காதீர்கள். நிறுத்தி, இடையில் வைக்கோல் வையுங்கள். கண்ணாடியில் ஊற்றி எடுத்த முகம் கீறினால் வீடே வீணாய்த் தெரியும்.

டயர் 245/70 ஆர்16-இலிருந்து 265/70 ஆர்16. விட்டம் 28 மி.மீ. கூடியதால் மீட்டர் 80 காட்டும்போது நிஜத்தில் 83. முழுத் திருப்பத்தில் மட் ஃபிளாப்பில் உரசியது, ஓரம் வெட்டினேன்.

சைலன்சரைத் தொடவில்லை, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் தொடப்போவதில்லை. துருவில் ஓட்டை விழுந்த வால் குழாயை மட்டும் அறுத்துவிட்டு 304 ஸ்டெயின்லெஸ் குழாய் வாங்கினேன். ஆர்கான் வெல்டிங்காரர் திருவிழாவுக்குப் போய்விட்டார். இப்போதைக்குக் கம்பியில் தொங்குகிறது. அவர் வந்ததும், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் பற்றவைக்க விடுவேன், இன்ஜின் கம்ப்யூட்டரான இ.சி.யு. போய்விடக் கூடாது.

அதற்குள் முன் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷுக்கு மதுரையில் சொல்லி வைத்துவிட்டேன். அங்கேயும் சக்கரம் தரையில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு.